‘யாழ்’ என்று மட்டும் பிள்ளைக்குப் பெயர் வைக்கலாமா?

6 ஜனவரி 2024

என் தம்பியின் மனைவிக்கு இம்மாத இறுதியில் பிள்ளைப்பேறு. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருவரும் தீர்மானித்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளையாக இருந்தாலும் ‘யாழ்’ என்று பெயர் வைப்பதென்றும் தீர்மானித்துவிட்டார்கள். யாழினியும் இல்லை, யாழினியனும் இல்லை, யாழ் மட்டுமே. மலேசியாவில் எங்கள் ஊரான பெஸ்தாரி ஜெயாவில் உறவினர்களுக்கு இச்செய்தி எட்டியதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதைப் பற்றியே பேசுகிறார்கள். பெயரைக் கேட்டால் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அது என்ன பெயர் என்பது என் சின்னம்மாவின் கேள்வி.

பிள்ளைக்கு நான் அத்தை. முப்பதாம் நாள் பெயரை முதலில் அதன் காதில் சொல்லப்போகிறவள் நான்தான். ஆகவே தீர விசாரித்துவிட்டுச் சொல்ல விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: யாழ் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்ப உரிய பெயர், அதற்கு நம் பழைய நூல்களே சாட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

7 ஜனவரி 2024

முதலில் பொருளைப் பற்றி. யாழ் என்றால் வீணை என்றே எங்கள் ஊரில் பலரும் எண்ணுகிறார்கள். சரசுவதி கையில் இருப்பதுதானே, ஆகையால் அது பெண்பிள்ளைப் பெயர் என்பது அடுத்த வாதம். சரசுவதி கையில் இருப்பது வீணை. வீணையில் மெட்டுகள் உண்டு, ஒரே தந்தியை வெவ்வேறு இடத்தில் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் மெட்டு இல்லை. ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய ஒரே சுரத்தைத்தான் ஒலிக்கும், ஆதலால் சுரங்கள் கூடக் கூட நரம்புகளும் கூட வேண்டும். பேரியாழுக்கு 21, மகர யாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 நரம்புகள் என்று ஒரு பழைய வெண்பா கணக்குச் சொல்கிறது.

கருவியின் உருவத்தைக் காண விரும்புவோர் பொருநராற்றுப்படையின் தொடக்கத்தைப் படிக்கலாம். மானின் குளம்பு பதிந்த தடம்போல் இரு பிளவாக அமைந்த பத்தல் என்னும் அடிப்பகுதி, விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துப் போர்த்த தோல் என்று உறுப்பு உறுப்பாக வருணித்துவிட்டு, வழிப்பறி செய்யும் கள்வரும் கையிலுள்ள படைக்கலத்தைக் கீழே போட்டு அருள் கொள்ளும்படி செய்யும் இசை அது என்று புலவர் சொல்கிறார். ஒரு பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு காட்சி நிற்பது எவ்வளவு பெரிய பேறு!

அந்தக் கருவி நம் வழக்கிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் இலக்கியச் சான்றுகளையும் இசைக் கணக்குகளையும் கொண்டு அதை ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவரும் மறைந்தார். இன்று அக்கருவியைப் பற்றி யார் பேசினாலும் அவருக்குக் கடன்பட்டே பேசுகிறோம்.

7 ஜனவரி 2024, இரவு

சொல்லின் வேர் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நரம்புகளை யாத்து, அதாவது கட்டி, அமைத்த கருவி என்பதால் யாழ் என்று விளக்குவோர் உண்டு. செய்யுள் ‘யாப்பு’ என்பதிலும் அதே கட்டுதல்தான் இருக்கிறது.

9 ஜனவரி 2024

ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்ற கேள்விக்கு வருகிறேன்.

யாழ் எடுத்தவர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. பெருங்கதையில் உதயணன் கோடபதி என்னும் யாழை வாசித்து மதம் கொண்ட யானையை அடக்குகிறான். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை, யாழில் தன்னை வெல்பவனையே மணப்பேன் என்று உறுதி கொண்டிருக்கிறாள். சீவகன் வந்து வெல்கிறான். சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலோ ஒரே யாழ் கை மாறுகிறது: மாதவி அதைத் தொழுது வாங்கிச் சரிபார்த்துக் கோவலனிடம் கொடுக்க அவன் வாசித்துப் பாடுகிறான், பிறகு அவள் வாங்கி வாசித்துப் பாடுகிறாள். இருவர் கைக்கும் ஒத்த ஒரு பொருளின் பெயர் இருவருள் ஒருவருக்கு மட்டும் எப்படி உரியதாகும்?

இன்னொரு சான்று வானத்திலிருந்து. மிதுன ராசிக்கு நிகண்டுகள் தரும் பெயர்களுள் யாழும் ஒன்று, இரட்டை என்பது மற்றொன்று. மிதுனத்தின் உருவமே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்திருப்பது. இதைச் சொன்னபோது சின்னம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவருக்குச் சோதிடத்தில் மிகுந்த நம்பிக்கை.

11 ஜனவரி 2024

நான் எடுத்துக்காட்டிய கானல்வரியையே எங்கள் மாமா எனக்கு எதிராகத் திருப்பியிருக்கிறார். அந்த யாழால்தானே கோவலனும் மாதவியும் பிரிந்தார்கள், அந்தப் பிரிவால்தானே மதுரை எரிந்தது, அப்படிப்பட்ட பெயரைக் குழந்தைக்கு வைப்பதா என்கிறார். இது எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று. இரண்டு நாளாக அதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இளங்கோவடிகள் அந்த இடத்தில் மிகவும் கவனமாகச் சொல்கிறார்: “யாழிசைமேல் வைத்துத் தன் ஊழ்வினை வந்து உருத்ததாகலின்.” பிரித்தது ஊழ்வினை. அது வந்து ஏறிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது, யாழிசை அதற்கு இடமாயிற்று. அன்று யாழ் இல்லாவிட்டால் வேறு எதன்மேலாவது ஊழ் வந்து அமர்ந்திருக்கும். அதே காப்பியத்தில் கண்ணகியின் சிலம்பின்மேல் வந்து அமர்ந்ததே! சிலம்பு என்ற சொல்லை நாம் தீய சொல்லாக எண்ணுவதில்லை. சிலம்பரசன், சிலம்பரசி என்று பெயர் வைத்து மகிழ்கிறோம்.

இதை மாமாவிடம் சொன்னேன். முழுதும் ஒப்பவில்லை, ஆனாலும் “நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அம்மா” என்றார்.

14 ஜனவரி 2024

பொங்கல் வேலைக்கு நடுவே ஒரு சிறு குறிப்பு. பொதுப்பெயர் என்பது நமக்குப் புதிதன்று. கோதை என்பது ஆண்டாளின் பெயர் என்று எல்லாருக்கும் தெரியும். அதே கோதை சேர மன்னர் பெயரிலும் வருகிறது, கோக்கோதை மார்பன் என்றும் குட்டுவன் கோதை என்றும் புறநானூற்றில் காண்கிறோம். இங்குள்ள இரப்பர்த் தோட்டங்களிலும் அப்படித்தான் இருந்தது. முதலில் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனபின் பிறந்த பிள்ளைக்கு ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயரிட்டார்கள். முத்து, மணி ஆகியவற்றுக்கும் அதே கதை. பால்மரம், அதாவது இரப்பர் மரம், வெட்டப் போன முத்து ஆணா பெண்ணா என்பது காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் யாருக்கும் சிக்கலாக இருந்ததில்லை.

17 ஜனவரி 2024

மேலே உள்ள குறிப்பைப் படித்துவிட்டு, பழைய காலத்தில் செக்ரோல் என்னும் தோட்டப் பெயர்ப்பட்டியலில் ஏறினால் போதும், இன்று அரசாங்கப் பதிவுகள் இருக்கின்றனவே என்று கிள்ளானிலிருந்து ஒருவர் கேட்கிறார்.

உண்மையில் இந்த நாட்டில்தான் இப்பெயருக்குக் குழப்பம் குறைவு. நம் பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவில் ‘அனாக் லெலாக்கி’ அல்லது ‘அனாக் பெரெம்புவான்’ என்பதன் சுருக்கம் நிற்கிறது. மகனா மகளா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பெயர் சொல்லாததை எண் சொல்லிவிடுகிறது. தமிழில் பேசும்போது வினைமுற்றே சொல்லிவிடும்: யாழ் வந்தான், யாழ் வந்தாள். ‘சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது’ என்று எடுத்துக்காட்டி, பெயரைக் கொண்டு அறிய முடியாததை வினை அறிவிக்கும் என்று நம் இலக்கணிகள் எப்போதோ வகுத்துவிட்டார்கள்.

ஆகவே ஆணா பெண்ணா என்று தெரியாமல் போகுமே என்ற அச்சத்தை இதோடு விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

20 ஜனவரி 2024

இன்று எழுதுவது சற்று நீளும்.

பெயரைக் கேட்ட முதியவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “உங்கள் சம்பந்தி வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்களா?” இல்லை. என் தாத்தா பாட்டியும் தம்பி மனைவியின் தாத்தா பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டுக்காரர்களாக இருந்தவர்கள். ஆனால் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது.

யாழ் வல்ல பாணன் ஒருவனுக்கு அரசன் பரிசாகக் கொடுத்த நிலம் என்பது யாழ்ப்பாணம் என்ற பெயருக்குச் சொல்லப்படும் கதை. வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே ஆங்கிலம் படித்தவர்கள் மலாயாவுக்கு வந்து இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் தோட்டங்களிலும் கிராணிமார்களாக, அதாவது எழுத்தர்களாக, அமர்ந்தார்கள். துரை பங்களாவில், கிராணி வீட்டில், தொழிலாளி வரிசை வீடான லயத்தில் என்று குடியிருப்பே படிப்படியாக அமைந்திருந்த காலம் அது. வெட்டுக்காரர் பிள்ளைக்கு முனியாண்டி, அங்கம்மா, வீராயி என்று குலதெய்வத்தின் பெயர் இருக்கும். படித்த வீட்டுப் பிள்ளையின் பெயர் வேறு மாதிரி ஒலிக்கும். எங்கள் பாட்டி அப்பெயர்களைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஆகவே யாழ் என்ற பெயரை முதியவர்கள் கேட்கும்போது அது தங்கள் பக்கத்துப் பெயர் அன்று, மேட்டிலிருந்த வீட்டுப் பெயர் என்று அவர்கள் காது சொல்கிறது. அவர்கள் தயங்குவது பெயரின் பாலைப் பற்றி மட்டும் அன்று என்று இப்போது எண்ணுகிறேன்.

இங்கேதான் சிறுபாணாற்றுப்படையை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். யாழைச் சுமந்து திரிந்த பாணர்கள் செல்வர்கள் அல்லர். நல்லியக்கோடன் என்னும் அரசனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் தன் வீட்டு வறுமையைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. கூரை இற்று விழுந்த அடுக்களை. அங்கே கண் திறவாத குட்டிகள் பால் குடிக்க வரும்போது தாய் நாய் வலி தாங்காமல் குரைக்கிறது. பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து அதை உண்கிறாள். உப்புக்கும் வழியற்ற அந்தக் குடும்பத்தின் சொத்து தோளில் தொங்கிய யாழ்தான்.

சப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கையும் கண்ட கீரையையும் வேகவைத்துத் தின்ற கதையைச் சொன்ன எங்கள் பாட்டிக்கு இந்த வரிகளை யாரும் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டியிருந்தால் அது யாருடைய கதை என்று அவர் கேட்டிருக்கமாட்டார். யாழ் என்பது பசித்தவர்களின் கருவி, ஊர் விட்டு ஊர் நடந்தவர்களின் கருவி. கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைக்கு அப்பெயர் உரியதில்லை என்று யார் சொல்ல முடியும்?

23 ஜனவரி 2024

முந்தைய குறிப்பைப் படித்த யாழ்ப்பாண வழிவந்த அம்மையார் ஒருவர், கிராணிமார் எல்லாரும் மேட்டுக்குடி மனத்தோடு இருந்ததாக எண்ணிவிட வேண்டாம், தம் தாத்தா தோட்டப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். நான் சொன்னது அமைப்பைப் பற்றி, தனி மனிதர்களைப் பற்றி அன்று.

அவரே இன்னொன்றும் சொல்கிறார்: அவர்கள் குடும்பத்தில் யாழ் என்று யாருக்கும் பெயர் இல்லையாம். ஊரைச் சுருக்கிச் சொல்லும்போதுதான் அச்சொல் வருமாம்.

28 ஜனவரி 2024

தைப்பூசம் முடிந்து வந்தோம், பிள்ளை பிறந்துவிட்டான். தாயும் பிள்ளையும் நலம்.

ஆண்பிள்ளை என்றதும் பழைய விவாதம் புதிதாகக் கிளம்பிவிட்டது. யாழினி என்ற பெயர் தமிழ்ப்பள்ளிகளில் பரவலாகக் கேட்கும் பெயராகிவிட்டதால், யாழ் என்றால் யாழினியின் சுருக்கம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ‘இனியன்’ என்று சேர்த்துவிடுங்கள், ஆண்மை வந்துவிடும் என்கிறார் சின்னம்மா. யாழினியன் நல்ல பெயர்தான். ஆயினும் பெற்றவர்கள் விரும்பியது அதுவன்று.

31 ஜனவரி 2024

கோயிலில் நட்சத்திரத்துக்குரிய எழுத்து பார்த்தார்கள். ‘யா’ கேட்டை நட்சத்திரத்துக்குரிய எழுத்துகளில் ஒன்று. பிள்ளை பிறந்ததோ வேறு நட்சத்திரம். எழுத்துப்படி ஒரு பெயரைக் காதில் சொல்லிவிட்டு, அழைக்கும் பெயராக யாழை வைத்துக்கொள்வது பலர் செய்யும் வழி. எனக்கு அதில் மறுப்பில்லை.

4 பிப்ரவரி 2024

பெயர்கள் எப்படி வந்து எப்படிப் போகின்றன என்று சில நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். தெய்வப் பெயர்களுக்குப் பின் ஒரு தலைமுறை தூய தமிழ்ப் பெயர்களைத் தேடி வைத்தது. பெரியார் 1929-இலும் 1954-இலும் இங்கே வந்தார். கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கி, 1952 முதல் தமிழர் திருநாளைக் கொண்டாடச் செய்தார். அந்த அலை தோட்டம்வரை வந்து அன்பழகன், மணிமேகலை, இளங்கோ என்ற பெயர்களைக் கொடுத்துவிட்டுப் போனது. பிறகு எண்கணிதம் வந்தது, ‘ஷ்’ என்று முடியும் பெயர்கள் வந்தன. என் சொந்தத் தம்பி தங்கை பிள்ளைகள் பெயர்களையே நான் அடிக்கடி மாற்றிச் சொல்லிவிடுகிறேன், அவ்வளவு ஒன்றுபோல் ஒலிக்கின்றன.

இப்போது இளையவர்கள் எழில், மதி, சுடர், கயல் என்று ஒரு சொல்லோடு நிறுத்துகிறார்கள். ‘அன்’ விகுதியும் ‘இ’ விகுதியும் இல்லாமல் சொல்லைச் சொல்லாகவே வைக்கும் இந்த வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அவற்றுள்ளும் யாழ் அரியது. இசையைப் பெயராக வைத்தவர் பலர், கருவியையே பெயராக வைத்தவர் மிகச் சிலர்.

9 பிப்ரவரி 2024

குறள் ஒன்று சொல்லுங்கள், பெயர்சூட்டு அழைப்பில் போட வேண்டும் என்றான் தம்பி. எல்லாரும் போடுவது “குழல்இனிது யாழ்இனிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளா தவர்.” தேனான குறள். நான் பரிந்துரைத்தது இன்னொன்று:

“கணைகொடிது யாழ்கோடு செவ்விதுஆங் கன்ன
வினைபடு பாலால் கொளல்.”

அம்பு நேரானது, செய்வது கொடுமை. யாழின் கோடு, அதாவது தண்டு, வளைந்தது, செய்வது நன்மை. மனிதரையும் செயலைக் கொண்டே கொள்ள வேண்டும் என்கிறார் வள்ளுவர். தோற்றத்தையும் பெயரின் முடிவையும் வைத்து ஒருவரை முடிவுகட்டுவதைப் பற்றி நாம் இவ்வளவு நாள் பேசியதற்கு இதைவிட நேரான விடை இல்லை. ஆனாலும் அழைப்பில் மழலைக் குறள்தான் அச்சாகிவிட்டது. என் தம்பி மனைவியின் விருப்பம் அது, அதுவும் சரியே.

13 பிப்ரவரி 2024

எங்கள் மாரியம்மன் கோயில் தேவார வகுப்பு ஆசிரியர் இந்த விவாதத்தைக் கேள்விப்பட்டுத் தாமாகவே ஒரு செய்தி சொன்னார். திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவர் பதிகங்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர், உடன் பாடியவர் அவர் மனைவியார் மதங்கசூளாமணியார். தருமபுரத்தில் ‘மாதர் மடப்பிடி’ என்று சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமல் போக, பாணர் யாழை உடைக்கத் துணிந்தார். அந்தப் பண்ணுக்கு யாழ்முரி என்று பெயர் நின்றது. இதுவரை நானும் அறிந்ததே. அவர் மேலும் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது: பிற்காலத்தில் இராசராசன் காலத்தில் தேவார ஏடுகள் கண்டெடுக்கப்பட்டபோது, அவற்றுக்குப் பண் வகுத்துக் கொடுத்தவர் அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. யாழ் ஓர் ஆணின் பெயரோடு ஒட்டி வந்தது, அதன் இசையைக் காத்துக் கொடுத்தவர் ஒரு பெண்.

சின்னம்மாவும் அருகில்தான் இருந்தார். அன்று மாலை தொட்டிலை ஆட்டிக்கொண்டே “யாழு, யாழு” என்று அவர் கூப்பிட்டதை நான் கேட்டேன்.

19 பிப்ரவரி 2024

இனி உரோமன் எழுத்துச் சிக்கல். 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், அதில் எழுதுவதுதான் ஆயுள் முழுவதும் நிற்கும். ழகரத்துக்கு ‘இசட், எச்’ போட்டால் மலாய்க்காரரும் சீனரும் ‘யாஸ்’ என்பார்கள். ‘எல்’ போட்டால் ‘யால்’ ஆகும். யாழ்ப்பாணத்தார் பழைய வழக்கப்படி ‘ஆர், எல்’ இரண்டையும் சேர்ப்பதுண்டு, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு. நம்மவர்களே வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று சொல்லும்போது பிறரை எப்படிக் குறை சொல்வது?

எங்கள் ஊர் 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து பெஸ்தாரி ஜெயா ஆனது. முதியவர்கள் இன்னும் பழைய பெயரில்தான் பேருந்துக்காரரிடம் இடம் சொல்கிறார்கள், சரியாக வந்து இறங்குகிறார்கள். 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, நடப்பட்ட தோட்டம் எங்களை ஒட்டித்தான் இருக்கிறது, அதன் பெயர் தென்னமரம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழறியாதவர்களும் அந்தத் தமிழ்ச் சொல்லைத் தங்களால் இயன்றபடி சொல்லி வருகிறார்கள். ஓரசைப் பெயரை அவர்கள் பழகிக்கொள்ளமாட்டார்களா?

7 மார்ச் 2024

பதிவு முடிந்தது. ‘ஒய், ஏ, ஏ, இசட், எச்’ என்று எழுதியிருக்கிறார்கள். நெடிலுக்கு இரண்டு ‘ஏ’ வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன், ஒன்று போட்டால் ‘யழ்’ என்று குறுகிவிடும். முகப்பில் இருந்த மலாய்ப் பெண்மணி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, எப்படிச் சொல்வது என்று கேட்டார். நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டினோம். அவரும் முயன்றார், ஏறக்குறைய வந்துவிட்டது.

சுங்கை சிப்புட்டிலிருந்து இதே பெயரைத் தம் மகளுக்கு வைக்க எண்ணிக் கேட்டவருக்கு: தயங்காமல் வையுங்கள். எழுத்துக்கூட்டலை மட்டும் பதியப் போகுமுன் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள், பத்திரத்தில் கையொப்பமிடுமுன் ஒவ்வோர் எழுத்தையும் சரிபாருங்கள். பள்ளி, வங்கி, கடப்பிதழ் என்று பின்னால் வரும் எல்லா ஆவணமும் அதையே பார்த்துத்தான் எழுதப்படும்.